தூரிகை ஏந்திய வன அலுவலர்

பிரான்சு நாட்டின் கிழக்கிலுள்ள நான்சி நகரில் 1824-ஆம் ஆண்டில் வனவியல் கல்லூரி ஒன்று நிறுவப்பெற்றது. இந்தியக் காடுகளை நிர்வகிக்கத் தேர்ந்தெடுக்கப்பெற்ற ஆங்கிலேய இளைஞர்கள் 1867 முதல் சில ஆண்டுகள் அங்கே பயின்றதை நம் வனத்துறையினர் அறிந்திருப்பர். அக்கல்லூரிக்கு 1885-இல் ஜப்பானிலிருந்து வந்த மாணவர் ஒருவரின் வரலாறு இங்கு அவ்வளவாக அறியப்படவில்லை.

அவர் பெயர் தக்காஷிமா ஹொக்காய். 1850-இல் ஹாகி என்னும் ஊரில் பிறந்தவர். இகுனோ சுரங்கத்தில் பணியாற்றியபோது அங்கிருந்த பிரெஞ்சு நிபுணரிடம் நிலவியலையும் பிரெஞ்சு மொழியையும் கற்றார். 1884-இல் எடின்பரோவில் நடைபெற்ற அனைத்துலக வனவியல் கண்காட்சிக்கு அரசாங்கம் அவரை அனுப்பியது; அதன்பின் மூன்றாண்டுகள் நான்சியில் தங்கிப் பயின்றார். காடு எவ்வளவு வளர்கின்றதோ அவ்வளவே வெட்டுதல் வேண்டும் என்னும் கொள்கையே ஐரோப்பிய வனவியலின் அடிப்படையாக அன்று விளங்கியது.

மாணவராயிருந்தும் அவர் தூரிகையைக் கைவிடவில்லை. மை கொண்டு செடிகளையும் மலைகளையும் வரைந்து அந்நகர நண்பர்களுக்கு அளித்தார். கண்ணாடிக் கலைஞரும் தாவரவியல் அறிஞருமான எமில் காலே முதலியோர் அவரோடு பழகினர். நான்சியின் புதிய கலைக்கு அவரே மூலகாரணர் என்று சிலர் கூறுவது மிகையே ஆகும். அவர் வருவதற்கு ஏழாண்டுகள் முன்னரே, 1878-இல், ஜப்பானிய முறையைத் தழுவிக் கெண்டைமீன் தீட்டிய கண்ணாடிக் கலத்தைக் காலே காட்சிக்கு வைத்துவிட்டார். ஆயினும், செடியின் இயல்பறிந்து வரையும் கை ஒன்றினை அக்கலைஞர்கள் நேரிற் கண்டனர் என்பதில் ஐயமில்லை.

1897-இல் அரசுப்பணியை விடுத்து ஓவியரானார். மலைகளை வரையும் முறை பற்றி 1903-இல் அவர் வெளியிட்ட நூல் கருதத்தக்கது. பழைய ஓவியர்கள் பாறைக்கெனக் கையாண்ட தூரிகைக் கோடுகளை அவர் நிலவியலோடு பொருத்தி ஆராய்ந்தார். மலையை வரைவோன் அதன் பாறை எத்தகையது, எவ்வாறு தேய்ந்தது என்பதை அறிந்திருத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து.

களப்பணியாளர்க்கும் இது பயன்படும். ஒளிப்படம் எல்லாவற்றையும் ஒருங்கே பற்றிக்கொள்கிறது. வரைபவனோ ஒவ்வொன்றையும் நின்று பார்த்தே தீரவேண்டும். தேக்கின் கிளை ஒன்றையும் சால மரத்தின் கிளை ஒன்றையும் கொடுத்து மாணவரை வரையச் சொல்லுங்கள். தேக்கின் இலைகள் எதிரெதிராகவும், சாலத்தின் இலைகள் மாறிமாறியும் அமைந்திருத்தலைக் கவனியாதவன் படத்திலேயே அகப்பட்டுக்கொள்வான். சரகப் பணியாளரின் குறிப்பேட்டில் ஆண்டுதோறும் ஒரே இடத்திலிருந்து வரையப்பட்ட மலைச்சரிவு, மண் எங்கே வெளிப்பட்டது, மரம் எங்கே அருகியது என்பதைக் காட்டும்.

முதுமையில் தக்காஷிமா தம் யாமகுச்சிப் பகுதியின் இயற்கை வளங்களின்பால் கருத்தைச் செலுத்தினார். சோமோன்கியோ என்னும் ஆற்றுப் பள்ளத்தாக்கின் சிறப்பை ஊரறியச் செய்வதற்குப் பெரிதும் உழைத்தார். எழில்மிகு இடங்களையும் இயற்கைச் சின்னங்களையும் காப்பதற்கென ஜப்பானில் 1919-இல் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. அதன்படி 1923-இல் அப்பள்ளத்தாக்கும், 1926-இல் அப்பகுதியைச் சேர்ந்த ஓமிஜிமாத் தீவும் பாதுகாக்கப்பட்ட இடங்களாக அறிவிக்கப்பெற்றன. 1931-இல் அவர் காலமானார். அவருடைய ஓவியங்கள் பல ஷிமோனோசெக்கி நகரக் கலைக்கூடத்தில் உள்ளன.