இருளைத் தீட்டிய கைகள்

நுழையும்முன்

அனிமேஷன் என்று நாம் வழங்கும் அசைவூட்டப் படங்கள், சிறுவர்க்கு வேடிக்கை காட்டுவதற்காகவே எடுக்கப்படுபவை என்று பலர் கருதுகின்றனர். ஆயினும், அச்சமும் துயரமும் செறிந்த, கையால் வரையப்பட்ட சில படங்கள் பல்லாண்டுகள் கடந்தும் மக்கள் மனத்தில் நிலைத்திருக்கின்றன. அவை நிலைத்திருப்பதற்கான காரணத்தை இப்பாடம் ஆராய்கிறது.

ஒரு தாயின் கதை

மாணவர்களே! ஒரு வயலின் நடுவே துளையுள்ள சிமெண்ட் கல் ஒன்று கிடக்கிறது. அதுவே ஒரு சுண்டெலிக் குடும்பத்தின் வீடு. குடும்பத் தலைவன் இறந்துவிட்டான். பிள்ளைகளுள் ஒருவன் நிமோனியாக் காய்ச்சலால் படுத்திருக்கிறான். குளிர்காற்றுப் பட்டால் அவன் பிழைக்கமாட்டான். ஆனால், வயலை உழும் நாள் நெருங்கிவிட்டது. டிராக்டர் வந்தால் வீடு நொறுங்கிப் போகும். உள்ளே இருந்தாலும் சாவு. வெளியே சென்றாலும் சாவு. இந்நிலையில் தாய் என்ன செய்வாள்?

1982ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ‘தி சீக்ரெட் ஆஃப் நிம்’ என்னும் அசைவூட்டப் படம் எழுப்பும் வினா இதுவே. ராபர்ட் சி. ஓ’பிரையன் என்பவர் 1971ஆம் ஆண்டு எழுதிய சிறுவர் புதினத்தைத் தழுவி, டான் புளூத் இப்படத்தை இயக்கினார்.

பிரிஸ்பி என்னும் அத்தாய்க்கு உடல் வலிமை இல்லை. மந்திர ஆற்றலும் இல்லை. வழி கேட்பதற்காக அவள் பேராந்தை ஒன்றின் பொந்துக்குள் செல்கிறாள். ஆந்தைக்குச் சுண்டெலி இரை என்பதை அவள் நன்கு அறிவாள், அறிந்தே செல்கிறாள். பொந்துக்குள் ஒட்டடை தொங்குகிறது. இருளின் நடுவே இரண்டு கண்கள் மட்டும் ஒளிர்கின்றன. அவளுக்குப் பின்னால் நெருங்கிவந்த பெரிய சிலந்தி ஒன்றை ஆந்தையின் கால் நசுக்குகிறது. பார்ப்பவர் மூச்சை அடக்கிக்கொண்டு அமர்ந்திருக்கும் காட்சி இது. ஆந்தையின் சொற்படி அவள் அடுத்து நாடிச் செல்வது, பண்ணை வீட்டின் ரோசாப் புதருக்கு அடியில் வாழும் எலிகளை. ஆய்வுக்கூடம் ஒன்றில் ஊசி மருந்து செலுத்தப்பட்டதால் மனிதர்க்கு நிகரான அறிவு பெற்று, அங்கிருந்து தப்பி வந்தவை அவை.

இக்கதையில் இருள் வீணாகச் சேர்க்கப்பட்ட ஒன்றன்று. ஆந்தையின் பொந்து வெளிச்சமான இடமாக இருந்திருந்தால், அதனுள் நுழைய ஒரு தாய்க்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பது நமக்குத் தெரிந்திருக்காது.

இருளை வரைவது எப்படி?

திரையில் ஒரு நொடிக்கு 24 படச்சட்டங்கள் ஓடுகின்றன. கையால் வரையும் கலைஞர்கள் பெரும்பாலும் ஓர் ஓவியத்தை இரண்டு சட்டங்களுக்குப் பயன்படுத்துவர். அதாவது, ஒரு நொடி அசைவுக்கு 12 ஓவியங்கள் தேவை. ‘தி சீக்ரெட் ஆஃப் நிம்’ 82 நிமிடம் ஓடும் படம். ஒரே ஓர் உருவம் இடைவிடாது அசைவதாகக் கொண்டாலும், ஏறத்தாழ 59,000 ஓவியங்கள் வேண்டும். உருவங்கள் இரண்டு, மூன்று எனப் பெருகும்போது உழைப்பும் பெருகும்.

முதலில் காகிதத்தில் பென்சிலால் வரைவர். பின்னர் அக்கோடுகளை ‘செல்’ எனப்படும் ஒளி ஊடுருவும் தாளுக்கு மாற்றுவர். தாளின் பின்புறம் வண்ணம் பூசுவர். தனியே தீட்டப்பட்ட பின்னணி ஓவியத்தின்மேல் அத்தாளை வைத்து, சட்டம் சட்டமாகப் படம் பிடிப்பர்.

இம்முறையில் இருளைக் காட்டுவது எளிதன்று. வெயிலில் பழுப்பாகத் தோன்றும் சுண்டெலி, நிலவொளியில் நீலம் படிந்து தோன்றும். விளக்கருகே செம்மை ஏறித் தோன்றும். எனவே, ஒளி மாறும்போதெல்லாம் உருவத்தின் வண்ணங்களும் மாறவேண்டும். இப்படத்தில் பிரிஸ்பிக்கு மட்டும் 46 வகை வண்ணத் தொகுதிகள் உருவாக்கப்பட்டன. ஆந்தையின் கண்களும் விளக்குகளும் உண்மையாகவே ஒளிர்வதுபோல் தோன்றுவதற்கு, படத்தின் அடியிலிருந்து வண்ணத் தாள்களின் வழியே ஒளியைச் செலுத்தி, அதே படச்சுருளில் மீண்டும் ஒருமுறை பதிவு செய்தனர்.

வேலையைத் துறந்த கலைஞர்கள்

இத்தனை உழைப்பு அக்காலத்தில் அரிதாகியிருந்தது. செலவைக் குறைப்பதற்காகப் பழைய அசைவுகளையே மீண்டும் பயன்படுத்தும் வழக்கம் பெரிய நிறுவனங்களிலும் இருந்தது. டிஸ்னி நிறுவனம் 1973இல் வெளியிட்ட ‘ராபின் ஹூட்’ படத்தின் நடனக் காட்சியில், 1937ஆம் ஆண்டின் ‘ஸ்னோ ஒயிட்’ படத்து அசைவுகள் மறுபடியும் எடுத்தாளப்பட்டிருப்பதைக் காணலாம்.

டிஸ்னியில் பணிபுரிந்த டான் புளூத், தாம் கற்ற கலை மெல்லத் தேய்ந்து வருவதாக எண்ணி வருந்தினார். பழைய படங்களின் நுட்பங்களைத் தாமே கற்றறிய விரும்பி, கேரி கோல்ட்மேன், ஜான் பொமராய் முதலிய நண்பர்களுடன் தம் வீட்டு வண்டிக் கொட்டகையில் ஓய்வு நேரங்களில் ஒரு சிறுபடத்தை உருவாக்கினார். 1979ஆம் ஆண்டு அவர்கள் நிலையான வேலையைத் துறந்து வெளியேறினர். வேறு பல ஓவியர்களும் அவர்களைப் பின்தொடர்ந்தனர். அவர்கள் தனியே நின்று எடுத்த முதல் முழுநீளப் படமே நாம் மேலே கண்டது.

படம் வெளிவந்தபோது பெரும் வசூலை ஈட்டவில்லை. ஸ்பீல்பெர்க்கின் ‘ஈ.டி.’ திரையரங்குகளை நிறைத்திருந்த கோடைக்காலம் அது. எனினும், பின்னாளில் வீடியோ கேசட் வழியாகவும் தொலைக்காட்சி வழியாகவும் அது வீடுகளுக்குள் நுழைந்தது. சிறுவயதில் ஆந்தையைக் கண்டு நடுங்கியவர்கள், வளர்ந்தபின் அதனைத் தேடிப் பார்க்கின்றனர். தம் பிள்ளைகளுக்கும் காட்டுகின்றனர்.

பிற நாட்டுக் கலைஞர்களின் கைவண்ணம்

இவ்வழியில் நடந்தவர் டான் புளூத் மட்டுமல்லர். 1942இல் வெளிவந்த ‘பாம்பி’ படத்தில், மான்குட்டியின் தாய் வேடனின் துப்பாக்கிக்கு இரையாகிறது. அச்சாவு திரையில் காட்டப்படுவதில்லை. ஒரு வெடியோசை கேட்கிறது, குட்டி ஓடுகிறது, பின்பு திரும்பிப் பார்த்து அழைக்கிறது, பனி பொழிகிறது. அவ்வளவே. அக்காட்டின் தோற்றத்தை வகுத்தவர், சீனாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓவியர் டைரஸ் வோங். ஒவ்வோர் இலையையும் வரையாமல், பழஞ்சீன ஓவியங்களைப்போல் மூடுபனியும் நிழலுமாக அவர் காட்டைக் காட்டினார். வரையாமல் விட்ட இடத்தை நம் மனம் நிரப்பிக்கொள்கிறது. அச்சமும் அங்கேதான் பிறக்கிறது.

ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியாசாகியின் ‘இளவரசி மோனோனோகே’ 1997இல் வெளிவந்தது. உடலில் பாய்ந்த இரும்புக் குண்டால் வெறிகொண்ட காட்டுப்பன்றித் தெய்வம், நெளியும் கரும்புழுக்கள் மேனியெங்கும் மொய்க்க, ஊரை நோக்கிப் பாய்வதாக அப்படம் தொடங்குகிறது. காட்டை அழிக்கும் மனிதரும் முழுத் தீயவரல்லர். காக்கும் விலங்குகளும் முழு நல்லனவல்ல. இத்தகைய சிக்கலைச் சிறுவர்க்கும் சொல்லலாம் என்று அக்கலைஞர் நம்பினார். அப்படத்திற்காக ஏறத்தாழ 1,44,000 செல் ஓவியங்கள் உருவாக்கப்பட்டன.

அச்சமும் பெருமிதமும்

சிறுவர்க்கு அச்சமூட்டும் காட்சிகளைக் காட்டலாமா என்று பெற்றோர் கேட்பதுண்டு. இது நியாயமான கேள்வி. வெறுமனே திடுக்கிடச் செய்வதற்காகக் காட்டப்படும் கொடுமை தீமையே தரும். எல்லா வயதினருக்கும் எல்லாப் படமும் ஏற்றதன்று என்பதும் உண்மை. ஆனால், அச்சத்தை முற்றிலும் நீக்கிவிட்ட கதை குழந்தைக்கு எதைக் கற்பிக்கும்? இருட்டறையும், நோயும், உற்றாரின் பிரிவும் குழந்தைகள் அறியாதவை அல்ல. அவற்றைப்பற்றி யாரும் பேசாதபோதுதான் அவர்களின் அச்சம் பெருகுகிறது.

மனத்தில் எழும் உணர்வுகள் மெய்யில் வெளிப்படுவதைத் தொல்காப்பியர் மெய்ப்பாடு என்றார். அவற்றை எட்டாக வகுத்தார். அவ்வரிசையில் ஐந்தாவதாக நிற்பது அச்சம். அதனை அடுத்து நிற்பது பெருமிதம். பெருமிதம் பிறக்கும் நிலைக்களன்களுள் தறுகண் என்னும் அஞ்சாமையையும் அவர் சேர்த்துள்ளார். நாம் கண்ட படங்களிலும் இவ்விரண்டும் அடுத்தடுத்தே வருகின்றன. பிரிஸ்பி நடுங்குகிறாள், நடுங்கிக்கொண்டே நடக்கிறாள். இறுதியில் வீடு சேற்றில் அமிழ்கிறது. உள்ளே பிள்ளைகள் தவிக்கின்றனர். அவளிடமுள்ள செந்நிறக் கல் நெருப்பாய் ஒளிர்கிறது. கைகள் புண்ணாவதையும் பொருட்படுத்தாமல் அவள் அதனைப் பற்றிக்கொள்ள, வீடு மேலெழுகிறது. அச்சமற்றவளாக அவள் காட்டப்பட்டிருந்தால், அவள் வென்றதை நாம் வெற்றியாகவே கருதமாட்டோம்.

கையால் வரைந்த கோடு இவ்வுணர்வுக்குத் துணை நிற்கிறது. ஓவியரின் கோடு இயந்திரக் கோடுபோல் எப்போதும் ஒரே சீராக அமைவதில்லை; அது சிறிதே அதிரும். நடுங்கும் உயிரைக் காட்ட அவ்வதிர்வும் உதவுகிறது. கணினியால் சிறந்த படங்கள் உருவாகின்றன என்பதில் ஐயமில்லை. ஆயினும், நிழலின் ஒவ்வொரு படியையும் மனிதக் கை தேர்ந்து தீட்டிய படத்திற்குத் தனிச்சுவை உண்டு.

அச்சுவையை நம் நாட்டினரும் அறிவர். ஜப்பானிய இயக்குநர் யூகோ சாகோவின் முயற்சியால், இந்திய அசைவூட்டக் கலைஞர் ராம் மோகனின் பங்களிப்போடு, இராமாயணக் கதை முழுநீள அசைவூட்டப் படமாகக் கையால் வரையப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் உருவான அப்படம், 2025ஆம் ஆண்டு இந்தியத் திரையரங்குகளில் மீண்டும் திரையிடப்பட்டது. அன்று குழந்தையாக இருந்து தொலைக்காட்சியில் பார்த்தவர்கள், இன்று தம் குழந்தைகளின் கைபிடித்து அதனைக் காணச் சென்றனர்.

மாணவர்களே! இனி ஓர் அசைவூட்டப் படத்தைக் காணும்போது, இருண்ட காட்சி வந்ததும் கண்களை மூடிக்கொள்ளாதீர்கள். அவ்விருளை ஒருவர் பல நாள் அமர்ந்து தீட்டியிருக்கிறார். அதனுள் ஒரு சிறு விளக்கையும் வைத்திருக்கிறார். அது எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

சிந்தித்து விடையளிக்க

1. ஆந்தையின் பொந்துக்குள் செல்லும் பிரிஸ்பியைத் துணிவுள்ளவள் என்று ஏன் கூறுகிறோம்?
2. ஒளி மாறும்போது உருவத்தின் வண்ணத்தையும் மாற்றவேண்டியது ஏன்? சான்று தந்து விளக்குக.
3. டான் புளூத்தும் நண்பர்களும் நிலையான வேலையைத் துறந்தது சரியா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
4. அச்சமும் பெருமிதமும் அடுத்தடுத்து வரும் கதை ஒன்றை உம் வீட்டுப் பெரியோரிடம் கேட்டு, ஒரு பக்க அளவில் எழுதுக.