துண்டுத் துணிப் போர்வையும் கூட்டுறவும்

தறியிலிருந்து இறங்கிய துணி உடையாகி, வெயிலிலும் உழைப்பிலும் தேய்ந்து கிழிந்த பிறகு அதற்கு என்ன விலை? ஒன்றுமில்லை என்பதே சந்தையின் விடை. ஆயினும், அத்தகைய கிழிசல்களைப் போர்வையாக்கும் கைத்திறனையே மூலதனமாகக் கொண்டு கூட்டுறவுச் சங்கம் நிறுவி, நிலம் வாங்கிக் கட்டடம் எழுப்பி, நாற்பத்தாறு ஆண்டுகள் நடத்திய பெண்கள் உண்டு. அவர்கள் அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள அலபாமா மாநிலத்துப் பருத்தி விவசாயக் குடும்பத்தினர். அவர்களுடைய தொழில்முறையையும், அதைக் கற்பித்த விதத்தையும், சங்கத்தின் வளர்ச்சி தளர்ச்சிகளையும் அறிவது நெசவாளர்க்கும் பயிரிடுவோர்க்கும் ஒருங்கே பயன் தரும்.

ஊரும் மக்களும்

அலபாமா ஆறு வளைந்து மூன்று புறமும் சூழ்ந்த நிலத்தில் கீஸ் பெண்ட் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. 1816-ல் ஜோசப் கீ என்பவர் அங்கே பருத்தித் தோட்டம் ஏற்படுத்தினார். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட கறுப்பின மக்களே அதில் உழைத்தனர். அடிமை முறை 1865-ல் ஒழிந்த பின்னும் அவர்கள் வழிவந்தோர் அங்கேயே வாரக் குடிகளாய்த் தங்கினர். 1932-ல், அவர்களுக்குக் கடன் கொடுத்திருந்த வணிகர் இறந்ததும், கடனுக்கு ஈடாகக் கலப்பையும் கால்நடையும் சேமித்த தானியமும் வண்டி வண்டியாய் எடுத்துச் செல்லப்பட்டன. குளிரோ கடுமையானது, மரவீடுகளின் இடுக்கு வழியே காற்றுப் புகும். உழுதவர் உடுத்திய சட்டையும் காற்சட்டையும், மாவு மூட்டையும் உர மூட்டையும் போர்வையாயின. எனவே, இத்தொழில் அலங்காரத்திற்காகப் பிறந்ததன்று. குழந்தைகள் குளிரில் வாடாதிருக்கப் பிறந்தது.

செய்முறை

இப்போர்வைக்கு மூன்று அடுக்குகள் உண்டு: துண்டுகளை இணைத்த மேல்துணி, நடுவே பஞ்சு, கீழே அடித்துணி.

முதலில் பழந்துணியைத் துவைத்துத் தையல் பிரித்து, முழங்கால் போன்ற நைந்த பகுதிகளை நீக்கி, உறுதியான பகுதிகளை மட்டும் வெட்டிக்கொள்ள வேண்டும். சாயம் கசியும் துணியை முன்னரே தனியாக அலசிவிடுதல் நலம். கனத்த துணியுடன் மெல்லிய துணியை இணைத்தால் மெல்லியது விரைவில் கிழியும். ஆதலால் ஒத்த கனமுள்ளவற்றையே சேர்த்தல் வேண்டும். இரு துண்டுகளின் நல்ல பக்கங்களை ஒன்றையொன்று நோக்க வைத்து, ஓரத்தில் கால் அங்குலம் விட்டுத் தைத்து விரித்தால் இணைப்புச் சமமாக அமையும்.

கீஸ் பெண்ட் பெண்கள் பெரிதும் விரும்பிய அமைப்பு ‘வீட்டுக் கூரை’ எனப்படுவது. நடுவில் ஒரு சதுரம் வைத்து, அதன் நான்கு புறமும் பட்டைகளைச் சுற்றிச் சுற்றி வளர்த்துக்கொண்டே போவது இதன் முறை. ஒரு நிறத்துணி பாதியில் தீர்ந்துவிடின் வேறு நிறத்தைச் சேர்ப்பர். பற்றாக்குறையால் நேர்ந்த இம்மாற்றமே பல போர்வைகளுக்குத் தனியழகு தந்தது.

நடு அடுக்குக்கு, ஜின்னிங் ஆலையின் தரையில் சிதறிய பஞ்சைச் சேகரித்து, குச்சியால் அடித்துத் தூசி போக்கிப் பரப்பினர். பின்பு மூன்று அடுக்குகளையும் மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, ஊசி மேலும் கீழுமாய் ஊடுருவும்படி வரிவரியாகத் தைத்தனர். இத்தையலை வீண் அலங்காரம் என்று எண்ணலாகாது. பஞ்சு ஓரிடத்தில் திரண்டு, மற்றோரிடம் வெறுமையாகாமல் காப்பது இதுவே. வரிகள் நெருங்கியிருந்தால் போர்வை பல துவைப்புகளைத் தாங்கும்.

கற்பித்த விதம்

இக்கலைக்கு அங்கே பாடப்புத்தகமும் இல்லை, பள்ளியும் இல்லை. சட்டத்தைச் சுற்றிப் பெண்கள் அமர்ந்து தைக்கையில் சிறுமியர் அதனடியில் விளையாடுவர்; பார்வை மங்கிய மூதாட்டிகளுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பர். பின்னர்ச் சிறு துண்டுகளை இணைக்கப் பழகுவர்.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேல்துணியை ஒருத்தி தன் வீட்டில், தன் மனம்போல் தனியே அமைப்பாள். சட்டத்தில் ஏற்றித் தைப்பதோ பலர் கூடிச் செய்யும் வேலை. கற்பனை தனி ஒருவருடையது, உழைப்புப் பொதுவானது. கூட்டுறவுச் சங்கம் தோன்றுவதற்கு முன்பே கூட்டுறவு அங்கே வழக்கத்தில் இருந்தது.

சங்கம் தோன்றுதல்

வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளக் கறுப்பின மக்கள் போராடிய காலம் அது. பதிவு செய்த குற்றத்திற்காகப் பல குடும்பங்கள் குடியிருந்த இடத்தை விட்டு விரட்டப்பட்டன. 1965 டிசம்பரில் பிரான்சிஸ் வால்டர் என்னும் பாதிரியார் அவ்வட்டாரத்தில் செல்கையில் கொடியில் உலர்ந்த போர்வைகளைக் கண்டார். அவற்றை ஒன்றுக்குப் பத்து டாலர் கொடுத்து வாங்கி, நியூயார்க் நகரில் ஏலத்திற்குக் கொண்டு சென்றார். 1966 மார்ச்சில், ‘சுதந்திரப் போர்வைத் தையற்குழு’ என்று பொருள்படும் பெயருடன் பெண்களின் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. எஸ்டெல் விதர்ஸ்பூன் அம்மையார் நெடுங்காலம் அதன் நிர்வாகியாய் விளங்கினார்.

1969-ல் சங்கம் 23 ஏக்கர் நிலம் வாங்கித் தையற்கூடம் எழுப்பியது. அந்நிலத்தில் ஒரு பகுதியை மனைகளாகப் பிரித்து, விரட்டப்பட்ட குடும்பங்களுக்கு விற்றது. ஊசிமுனையில் ஈட்டிய வருவாய், பிறர் தயவில் வாழ்ந்தவர்க்குச் சொந்த வாசற்படியைத் தந்தது.

சந்தையும் கைத்திறனும்

பெரிய அங்காடிகள் ஒரே அளவும் ஒரே அமைப்பும் உள்ள சரக்கைக் கேட்டன. 1972-ல் சியர்ஸ் நிறுவனத்திற்குக் கார்டுராய்த் துணியில் தலையணை உறைகள் தைக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. அதனால் நிலையான ஊதியம் வந்தது. ஆனால், மனம்போல் அமைக்கும் உரிமைக்கு அவ்வேலையில் இடமில்லை. பெண்கள் எஞ்சிய கார்டுராய்த் துண்டுகளைப் பெற்று, தங்கள் விருப்பப்படி போர்வைகள் செய்தனர். 2002-ல் ஹூஸ்டன் நுண்கலைக் காட்சியகத்திலும் நியூயார்க்கின் விட்னி காட்சியகத்திலும் ஓவியங்களைப்போல் சுவரில் தொங்கியவை, மனம்போல் அமைத்த இத்தகைய போர்வைகளே. 2006-ல் அமெரிக்க அஞ்சல்துறை அவற்றைத் தபால்தலைகளில் பொறித்தது.

சங்கமோ மூத்தோர் மறைய, அங்கத்தினர் குறைய, 2012-ல் மூடப்பட்டது. எனினும், வீட்டிலே தாய் மகளுக்குக் கற்பித்த கலை மறையவில்லை. இன்றும் அவ்வூர்ப் பெண்கள் போர்வை தைக்கின்றனர்; நாடிவருவோர்க்குக் கற்பிக்கின்றனர்.

நாம் கொள்ளத்தக்கது

இவ்வரலாற்றிலிருந்து கைத்தொழிற் சங்கங்கள் மூன்று செய்திகளைக் கொள்ளலாம். தையலின் உறுதி, துணியின் தரம் ஆகியவற்றில் சங்கம் கண்டிப்பாயிருக்கலாம். அமைப்பையும் நிறச்சேர்க்கையையும் இயன்றவரை செய்பவரிடமே விடுதல் வேண்டும். சந்தை கேட்கும் சரக்கைச் செய்கையில், சந்தை இன்னும் கேட்டறியாத சரக்குக்கும் சிறிது நேரமும் துணியும் ஒதுக்குதல் வேண்டும். இவற்றினும் முதன்மையானது, கற்பிக்கும் செலவையும் நூல் செலவைப்போல் ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்தில் சேர்ப்பதாகும். விற்பனை இவ்வாண்டின் இலாபத்தைத் தரும். சட்டத்தருகே அமர்ந்து ஊசியில் நூல் கோக்கும் சிறுமியே அடுத்த தலைமுறையின் அங்கத்தினர்.