இரவல் கிரீடம்

சென்ற மாதம் பொத்தேரியில் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் பெண் ஏதோ கொரியா நாட்டுச் சரித்திரத் தொடரைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். "பாவம் பெரியம்மா, இந்த ராஜா! ராஜா என்று பேர்தான். மங்கோலியர் கிழித்த கோட்டைத் தாண்ட முடியவில்லை" என்று உச்சுக் கொட்டினாள்.

"இதற்குக் கொரியா வரை போவானேன்? நம் சோழ வம்சத்திலேயே அப்படி ஒருவர் இருந்தாரே, ராஜராஜ சோழர்!" என்றேன். பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

நேயர்களே, நீங்களும் தஞ்சைப் பெரிய கோயிலை நினைத்துக்கொண்டு என் மேல் பாய வேண்டாம். நான் சொல்வது அவருக்கு இருநூறு ஆண்டுகள் கழித்து, 1216-ல் பட்டத்துக்கு வந்த மூன்றாம் ராஜராஜரை. அவர் முடி சூடும் தறுவாயிலேயே மாறவர்மன் சுந்தர பாண்டியன் படையோடு வந்து தஞ்சையையும் உறையூரையும் கொளுத்திவிட்டான். பிறகு மனமிரங்கி நாட்டைத் திருப்பிக் கொடுத்தான். கொடுத்ததோடு விட்டானா? 'சோணாடு வழங்கியருளிய' என்று தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டான்! கொடுத்த புடவையை ஊரெல்லாம் சொல்லிக் காட்டும் நாத்தனாரைப்போல!

அதைவிடப் பெரிய அவமானம் 1231-ல் வந்தது. பல்லவர் வழி வந்தவர்கள் என்று சொல்லிக்கொண்ட காடவர்கள், சோழருக்கு அடங்கிய சிற்றரசர்கள். அவர்களில் ஒருவனான கோப்பெருஞ்சிங்கன் சக்கரவர்த்தியையே பிடித்து, உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்துச் சேந்தமங்கலத்தில் சிறை வைத்துவிட்டான்.

செய்தி துவாரசமுத்திரத்துக்கு எட்டியது. 'சோழ ராஜ்யத்தை நிலைநிறுத்தியவன்' என்று பட்டம் பூண்டிருந்த ஹொய்சள மன்னன் நரசிம்மன், அந்தப் பட்டத்தைக் காப்பாற்றாமல் காளம் ஊதுவதில்லை என்று சபதம் செய்து, அப்பண்ணன், சமுத்திர கோப்பய்யன் என்ற இரண்டு தளபதிகளை அனுப்பினான். கோப்பெருஞ்சிங்கன் பணிந்தான். ராஜராஜரை மீட்டு, சோழ நாட்டுக்கு அழைத்துப் போனார்கள்.

இந்தக் கதை முழுவதும் கடலூரை அடுத்த திருவந்திபுரம் கோயிலில் கல்வெட்டாக இருக்கிறது. வேடிக்கையைக் கேளுங்கள். கல்வெட்டு ராஜராஜரின் ஆட்சியாண்டைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறது. தலைப்பில் திரிபுவனச் சக்கரவர்த்தி. உள்ளே அவர் சிறைப்பட்ட கதை!

அதே 1231-ல்தான் மங்கோலியர் முதன்முதலாகக் கொரியாவின் மேல் படையெடுத்தார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அல்லாடிய பிறகு, 1274-ல் அந்நாட்டு இளவரசர் சுங்ங்யோல், குப்ளாய் கானின் மகளை மணந்து, அந்த ஆண்டே அரசரும் ஆனார். மங்கோலிய உடை உடுத்து, அவர்களைப்போலவே தலைமயிரையும் சிரைத்துக்கொண்டார். மாப்பிள்ளை முறுக்கு அங்கே எடுபடுமா? ஆனாலும் மாமனார் தயவில் வம்சம் 1392 வரை பிழைத்தது. விலை கொடுத்தவர்கள் வேறு. கொரியாவிலிருந்து கன்னிப் பெண்களையும் கப்பமாக அனுப்ப வேண்டியிருந்தது. பெற்றவர்கள் அதற்குப் பயந்து, சின்ன வயதிலேயே பெண்களுக்குக் கல்யாணம் செய்துவைத்தார்கள்.

நம் கல்வெட்டிலும் அப்படி ஒரு வரி உண்டு. சக்கரவர்த்தியை மீட்க வந்த படை வழியெல்லாம் ஊர்களை அழித்தது, மரங்களை வெட்டியது, பயிரைக் கொளுத்தியது, பெண்களைப் பிடித்தது. தளபதிகள் இதை மறைக்கவில்லை, சாதனையாகவே பொறித்திருக்கிறார்கள்.

ராஜராஜர் அதற்குப் பிறகும் இருபது ஆண்டுகளுக்கு மேல் சிம்மாசனத்தில் இருந்தார். அவருக்குப் பின் வந்த மூன்றாம் ராஜேந்திரரோடு, 1279-ல் சோழ வம்சம் முடிந்தது.

தங்கை பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ராஜாவை மீட்டார்கள், சரி. பிடித்துப் போன பெண்களை யார் பெரியம்மா மீட்டார்கள்?" என்றாள்.

தளபதிகளின் பெயரும் கல்லில் இருக்கிறது. அழிந்த ஊர்களின் பெயரும் இருக்கிறது. அந்தப் பெண்களில் ஒருத்தியின் பெயர்கூட இல்லை.