பதுளையிலிருந்து கடல் பார்க்க

ஒன்பது வளைவுப் பாலத்தைப் படம் பிடிக்க வெள்ளைக்காரர்கள் எல்லவில் வந்து இறங்குகிற ரயில் பாதையில்தான், தெமோதரைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து நாங்கள் கடல் பார்க்கப் போவோம். எங்களுக்கு உல்லாசம் என்றால் கொழும்புதான்.

பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். கடலுக்குத்தானே போகிறோம், இறக்கமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். முதலில் ஏற்றம். தெமோதரை நிலையத்துக்கு அடியிலிருக்கும் சுரங்கத்துக்குள் நுழைந்து, குன்றைச் சுற்றி ஏறி, அந்த நிலையத்துக்கே வந்து நிற்கிறது ரயில். பண்டாரவளை, அப்புத்தளை தாண்டி, பட்டிப்பொலவுக்கு அருகே 1,898 மீற்றர் உயரத்திலுள்ள பாதையின் உச்சியைத் தொட்ட பிறகே இறக்கம். மூன்றாம் வகுப்பில் இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். இராத்தபால் ரயிலில் ஏறினால் விடியும்போது கோட்டை.

அங்கே கூட்டிப்போக ஆள் இருக்கும். புறக்கோட்டைக் கடையில் நிற்கும் தம்பியோ, வெள்ளவத்தையில் வீட்டு வேலை செய்யும் சித்தியோ ஞாயிற்றுக்கிழமை லீவு போட்டு வருவார்கள். நேரே காலிமுகத்திடலுக்கு இழுப்பார்கள், போகாதீர்கள். பகலில் அங்கே வெயிலைத் தவிர எதுவுமில்லை. கோட்டையிலேயே கரையோர ரயிலுக்கு மாறி, வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை என்று கல்கிசை வரை அலை தண்டவாளத்தை ஒட்டியே அடிக்கும். சில ரூபாய் டிக்கெட்டுக்கு இதைவிட நல்ல காட்சி கொழும்பில் இல்லை என்பது என் கட்சி.

கல்கிசையில் ஆளுநர் மெயிட்லண்ட் 1806இல் கட்டிய மாளிகை இப்போது பெரிய ஹோட்டல். அவர் ஒரு நாட்டியக்காரியைக் காதலித்தார், அவள் வந்துபோகச் சுரங்கம் வெட்டினார் என்று கதை சொல்வார்கள். தேநீர் விலையைக் கேட்காமல் மணலுக்கு இறங்கிவிடுங்கள், அது நாங்கள் பறித்த கொழுந்தாகவே இருந்தாலும். வைகாசிக்குப் பிறகு தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் மூர்க்கமாகிவிடும். அப்போது கால் நனைப்பதோடு சரி.

வெயில் தாழ்ந்ததும் காலிமுகத்திடல். பட்டம், இஸ்ஸோ வடை, வடக்கே கடலை நிரப்பி எழுப்பிய 269 ஹெக்டேயர் துறைமுக நகரம். ஆளுநர் ஹென்றி வார்ட் 1859இல் முடித்த நடைபாதை இது. கொழும்புச் சீமாட்டிகளுக்கும் பிள்ளைகளுக்குமாக இதைப் பேணும்படி பின்வருவோரைக் கேட்டுக் கல்லில் பொறித்து வைத்தார். கொழுந்துக் கறை போகாத விரலால் வடையைப் பிய்த்தபடி அங்கே உட்கார்ந்த என் மதினி கேட்டார்: "ஏன் புள்ள, அந்தப் பக்கம் என்னா ஊரு?" மாலைதீவு என்றேன். "அங்கயும் தோட்டம் இருக்கா?"

மாற்றுத்துணி கொண்டுபோங்கள். கருவாடு வாங்குவதென்றால் பல பையில் சுற்றிக் கட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நாவலப்பிட்டி வருவதற்குள் பெட்டியே உங்களைத் திரும்பிப் பார்க்கும்.