அம்மாவோட கிட்னி ரிப்போர்ட்டை எப்படிப் படிக்கிறது?

நீங்க சென்னையில வேலை பார்க்குறீங்க. அப்பா, அம்மா குன்னம் பக்கம் மக்காச்சோளக் காட்டுல. ஹெல்த் செக்கப்புக்குப் பணம் அனுப்புனீங்க, ரிப்போர்ட் வாட்ஸ்அப்ல வந்துடுச்சு. ரெண்டு பேருக்கும் கிரியாட்டினின் 1.3ன்னு வச்சுக்குவோம். ரெண்டும் ஒண்ணுதானா?

இல்லை. கிரியாட்டினின் தசையில இருந்து வர்ற கழிவு. வயசு, பாலினம் சேர்த்துக் கணக்கிடுற இ.ஜி.எஃப்.ஆர்.தான் சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுதுன்னு சொல்லும். 2021 சூத்திரத்துல போட்டுப் பார்த்தேன்: 58 வயசு அப்பாவுக்கு சுமார் 64, அதே வயசு அம்மாவுக்கு சுமார் 48. தசை குறைவான உடம்புல அதே அளவு கழிவு தங்குதுன்னா, வடிகட்டல் மந்தம்னு அர்த்தம். 60க்குக் கீழே போனா கவனிக்கணும்.

அதுக்காக ஒரே ரிப்போர்ட்டை வச்சு "கிட்னி போச்சு"ன்னு பயப்படாதீங்க. முந்தின நாள் கறி விருந்து, வெயில்ல தண்ணி குடிக்காத வேலை, ரெண்டுமே கிரியாட்டினினை ஏத்தும். குறை 3 மாசமாவது நீடிச்சாதான் நாள்பட்ட நோய். 2023ல தமிழ்நாட்டு விவசாயத் தொழிலாளர்கள் 3,350 பேர்கிட்ட நடந்த ஆய்வுல, முதல் டெஸ்ட்டுல சுமார் 17% பேருக்குக் குறை தெரிஞ்சது. 3 மாசம் கழிச்சும் நீடிச்சது சுமார் 5% பேருக்கு. அவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு சர்க்கரை, பிரஷர் மாதிரி தெரிஞ்ச காரணம் எதுவும் இல்லை. வெயில் மேலதான் சந்தேகம். அதனால "எங்க வீட்ல சுகர் இல்லையே"ன்னு விட்டுடாதீங்க.

அம்மாவை இப்பவே டாக்டர்கிட்ட அனுப்புங்க. யூரின்ல அல்புமின்-கிரியாட்டினின் விகிதமும் பார்க்கச் சொல்லுங்க. 30க்கு மேல போகக் கூடாது. இடுப்பு வலிக்கு மெடிக்கல்ல தானா வாங்கிப் போடுற வலி மாத்திரையை நிறுத்தணும்.

சரி, பணம். பழைய வரி முறையில இருந்தா 80டி பிரிவுல செக்கப் செலவு 5,000 ரூபாய் வரை கழிக்கலாம், ரொக்கமா கட்டியிருந்தாலும். இது மருத்துவக் காப்பீட்டு வரம்புக்குள்ளேயே அடங்கும். புது முறையில கிடையாது.

இந்த ரிப்போர்ட்டை மறைச்சு மட்டும் பாலிசி எடுக்காதீங்க. சொல்லி எடுத்தா பிரீமியம் கூடலாம், ஏற்கெனவே உள்ள நோய்க்கு அதிகபட்சம் 36 மாசம் காத்திருக்கணும். மறைச்சா கிளைமே நிக்காம போகலாம். பெற்றோர் தனி ரேஷன் கார்டுல இருந்து, குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருந்தா, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துலயும் பதிஞ்சு வைங்க. டயாலிசிஸ் அதுல உண்டு. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோட பெரம்பலூர் கலெக்டர் ஆபீஸுக்குப் போகணும். அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப ஒரு வேலை நாளையும் சேர்த்து லீவு போடுங்க.