புடைக்காத குடலிறக்கம்: விளையாட்டு வீரர்களுக்கான நுண்துளை அறுவைகள்

குடலிறக்கம் என்றதும், இருமும்போதும் சுமை தூக்கும்போதும் கவட்டிப் பகுதியில் புடைத்தெழுந்து, படுத்தால் மறையும் வீக்கமே எவர் நினைவுக்கும் வரும். ஆனால் கால்பந்து, ஹாக்கி, ரக்பி ஆடுவோரை மாதக்கணக்கில் முடக்கிவிடும் ‘விளையாட்டுக் குடலிறக்க’த்தில் பெரும்பாலும் புடைப்பும் இராது, பிதுங்கிய குடலும் இராது. பந்தை ஓங்கி உதைக்கும்போதும் ஓட்டத்தினிடையே சட்டெனத் திரும்பும்போதும் வயிற்றுத் தசைகள் இடுப்பின் முன்னெலும்பை மேலேயும், உள்தொடைத் தசைகள் அதையே கீழேயும் இழுக்க, அந்த இழுபறியில் கவட்டிக் கால்வாயின் சுவர் நைந்து தளர்வதே வலிக்குக் காரணம் என்பது பரவலான விளக்கம். 1980இல் லண்டன் அறுவை மருத்துவர் ஜெர்ரி கில்மோர், ஆட இயலாதிருந்த தொழில்முறைக் கால்பந்து வீரர் மூவரிடம் இதை இனங்கண்டமையால் ‘கில்மோர் கவட்டி’ என்ற பெயரும் வழங்குகிறது. 2012இல் மான்செஸ்டரில் கூடிய வல்லுநர்கள் குடலிறக்கம் என்ற சொல்லையே தவிர்த்து, ‘கவட்டிச் சிதைவு’ என்னும் பொருள்படும் பெயரைப் பரிந்துரைத்தனர். இல்லாத ஒன்றின் பெயரால் நோயை அழைப்பதைவிட அது நேர்மையானது.

இதற்கான நுண்துளை அறுவையில் இரு வழிகள் முதன்மையானவை. குடலைச் சூழ்ந்துள்ள வயிற்று உட்சவ்வுக்கும் தசைக்கும் நடுவே, ஏறத்தாழ 10க்கு 15 செ.மீ. அளவுள்ள செயற்கை வலையை விரித்துத் தளர்ந்த சுவரைத் தாங்கச் செய்வதே இரண்டின் நோக்கமும். அந்த இடத்தை அடையும் பாதைதான் வேறு. ‘டி.ஏ.பி.பி.’ முறையில் கருவிகள் வயிற்றறைக்குள் நுழைந்து, உட்சவ்வை உள்ளிருந்து கீறி, வலையை வைத்தபின் சவ்வைத் தைத்து மூடுகின்றன. ‘டி.இ.பி.’ முறையிலோ வயிற்றறை திறக்கப்படுவதே இல்லை. தசைக்கும் சவ்வுக்கும் இடையிலேயே வழி பிரித்து, கரியமில வாயுவால் இடம் உண்டாக்கிக்கொள்கின்றனர்.

முன்னதில் இருபுறக் கவட்டியையும் ஒரே பார்வையில் ஆராயலாம் என்றாலும், குடலுக்குக் காயம் நேரும் சிறு வாய்ப்பு உண்டு; பின்னதில் அந்த வாய்ப்பு குறைவெனினும், இடம் குறுகலானதால் கை பழக நாளாகும், முன்பே அடிவயிற்றில் அறுவை நடந்திருந்தால் சவ்வைப் பிரிப்பதும் கடினம். சாதாரணக் கவட்டிக் குடலிறக்கத்துக்கென 2018இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதல், இரண்டின் பலனும் ஒப்பானதே என்றும், மருத்துவரின் தேர்ச்சியைக் கொண்டே தேர்ந்தெடுக்கலாம் என்றும் கூறுகிறது. ஆகவே பாதையைவிட, வலையைப் பொருத்தும் விதமே வீரருக்கு முக்கியம் எனலாம். வலையை இறுக்கும் சிற்றாணி ஒரு நரம்பைக் குத்திவிட்டால், வலி தீரச் செய்த அறுவையே நீங்கா வலியைத் தந்துவிடும்.

இங்கிலாந்தின் லெஸ்டர் நகர அறுவை மருத்துவர் டேவிட் லாயிட் மாறுபட்ட கருத்துடையவர். கவட்டித் தசைநார் முன்னெலும்பில் பற்றும் இடத்தில் மிகுந்த விறைப்புடன் இருப்பதே கோளாறு என்று கருதும் அவர், அதை அங்கே அறுத்துத் தளர்த்திவிட்டு அதன்பின் வலையிடுகிறார். ஒரு சாரார் தளர்ந்ததை இறுக்க, இன்னொருவர் இறுகியதைத் தளர்த்துகிறார். இரண்டிலும் வலை இருப்பதால் நலம் எதனால் விளைந்தது என்று பிரித்தறிவது எளிதன்று.

அறுவை தேவையா என்பதே இவற்றுக்கெல்லாம் முந்திய கேள்வி. பின்லாந்தில் 60 வீரர்களை இரு பிரிவாக்கி நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், டி.இ.பி. அறுவை செய்துகொண்ட 30 பேரில் 27 பேர் மூன்று மாதத்தில் களம் திரும்பினர். ஓய்வு, உடற்பயிற்சி, மருந்து ஆகியவற்றோடு நின்ற 30 பேரில் 8 பேர் கத்தி படாமலேயே திரும்பினர்.