முதிர்ந்த மூளையின் நாற்றங்கால்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவுக்குப் புதிதாக வந்த தமிழர் ஒருவர், நேற்றுக் குடையை வைத்த கடை எது, இன்று வைத்த கடை எது என்று மயங்குவது இயல்பு. ஒத்த தோற்றமுடைய இரு நினைவுகளைப் பிரித்து வைப்பது மூளையின் அரிய தொழில்களுள் ஒன்றாகும்.

வளர்ந்த மூளையில் நரம்பணு அழியுமேயன்றிப் பிறவாது என்று அறிஞர் நெடுங்காலம் கருதினர். 1965-ல் ஜோசப் ஆல்ட்மன், கோபால் தாஸ் ஆகிய இருவரும், எலிகளின் மூளையில் பிறப்புக்குப் பின்னரும் புதிய நரம்பணுக்கள் தோன்றுவதற்குச் சான்று காட்டினர். அன்று அதனை ஏற்றவர் சிலரே.

நினைவைப் பதிவு செய்ய உதவும் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி, கடற்குதிரை போன்ற வடிவுடையது. அதன் ஒரு மடிப்பில் குருத்தணுக்கள் நாற்றங்காலில் இட்ட விதைபோல் உறங்குகின்றன. சில விழித்துப் பிளந்து நரம்பணுக்களாகின்றன. அவற்றுட் பல மடிந்துபோக, எஞ்சியவை சில வாரங்களில் பழைய அணுக்களோடு இணைந்து நரம்புச் சுற்றில் இடம்பெறுகின்றன. இளைய அணு சிறு தூண்டுதலுக்கும் இசையும். ஆதலால் ஒத்த இடங்களை வேறுபடுத்தி அறிய அது துணைபுரிகிறது என எலிச் சோதனைகள் காட்டுகின்றன. ஓட்டப் பயிற்சி இவ்வணுக்களைப் பெருக்குகிறது. நீடித்த மன அழுத்தம் குறைக்கிறது.

மனிதரிடத்தும் இவ்வாறு நிகழ்கிறதா? 1998-ல் ஓர் ஆய்வு ‘ஆம்’ என்றது. 2018-ல் மற்றோர் ஆய்வு, வளர்ந்தோரிடம் புதிய அணு எதனையும் காணவில்லை. 2025-ல் ஸ்வீடன் ஆராய்ச்சியாளர், முதிர்ந்தோர் சிலரின் மூளையிலும் பிளவுறும் முன்னோடி அணுக்களைக் கண்டனர். எத்தனை பிறக்கின்றன, எவ்வளவு பயன் தருகின்றன என்பதில் வழக்கு இன்னும் தீரவில்லை.

திருவனந்தபுரத்து ராஜீவ் காந்தி உயிர்த் தொழில்நுட்ப மையத்திலும் நரம்புக் குருத்தணுக்கள் பற்றிய ஆய்வுகள் நடந்துள்ளன. ஆயினும் ஆய்வுக்கூடத்தில் கண்டதெல்லாம் மருந்தாகிவிடாது. ஊரில் தனித்திருக்கும் பெற்றோரின் நினைவு மங்குகையில், தொலைவில் வாழும் மக்கள் எதையும் நம்பத் துணிவர். ‘குருத்தணு ஊசியால் குணமாக்குவோம்’ என்று எவரேனும் பெருந்தொகை கேட்டால் நின்று யோசிக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகள், இரத்த நோய்கள் போன்ற சிலவற்றுக்கான இரத்தக் குருத்தணு மாற்றம் நீங்கலாக, ஏனைய குருத்தணுச் சிகிச்சைகளை முறையான சோதனைக்கு வெளியே அளித்தலாகாது என்கின்றன.

நாற்றங்கால் உண்டு என்பது நற்செய்தி. அறுவடைக்கு நாள் குறிக்க இன்னும் காலம் கனியவில்லை.